மண்ணெண்ணெய்ப் பெருமையும் மைக்றோமீற்றரும்

மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் என்ற பெயர் யாழ்ப்பாணத்தாருக்கு உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் குடாநாட்டுக்குள் வரக்கூடாத பொருட்களாயின. அப்போது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கியபடி எங்கள் ஒழுங்கைகளில் ஓடித் திரிந்தன. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பது, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது என்பது அந்நாளில் சிறுவருக்கும் தெரிந்த வித்தை. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கல்யாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லி மகிழ்கிறோம். மகிழ்வதில் பிழையொன்றும் இல்லை.

ஆனால் அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வாக்கியமும் ஊர் சுற்றுகிறது: “யாழ்ப்பாணத்தான் எதையும் எதிலும் பொருத்துவான்.” எனக்கு வழக்கு இந்த வாக்கியத்தோடுதான். அது உண்மையல்ல என்பது ஒரு காரணம். அந்த வாக்கியத்தை நம்பி இன்று நல்ல எஞ்சின்கள் பாழாகின்றன என்பது இன்னொரு காரணம்.

இதை இப்போது எழுதுவதற்குத் தூண்டுதல் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களுக்கு மவுசு ஏறியது. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடுகு மூடிக் கிடந்தவை கூடத் தூசி தட்டப்பட்டன. வல்வெட்டித்துறைக்கும் நெல்லியடிக்கும் இடைப்பட்ட எங்கள் உடுப்பிட்டியிலும் அப்படி எழுந்து வந்த கார் ஒன்று உண்டு. ஆமை முதுகுபோல் வளைந்த வொக்ஸ்வாகன் பீற்றில், எஞ்சின் பின்புறம், தண்ணீர் இல்லை, றேடியேற்றர் இல்லை, காற்றால் குளிரும் எஞ்சின். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அதன் உரிமையாளர், தகப்பனாரின் காரை மீண்டும் ஓட வைக்க விரும்பினார். இணையத்தில் பார்த்து ஒரு பெட்டி பிஸ்டனும் சிலிண்டரும் தருவித்தார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் 1300 என்று இருந்தது. 1300க்கு உரியதையே வாங்கினார். எஞ்சினைத் திறந்தால் உள்ளே இருந்தது 1200. தடைக்காலத்தில் யாரோ எஞ்சினையே மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

“அதனாலென்ன, விட்டம் ஒன்றுதானே, போட்டுவிடலாம்” என்று ஒரு கராஜ்காரர் சொல்லியிருக்கிறார். விட்டம் ஒன்றுதான், அதில் ஐயமில்லை. இரண்டுக்கும் 77 மில்லிமீற்றர். ஆனால் 1200இல் பிஸ்டன் மேலுங்கீழும் ஓடும் தூரம் 64 மில்லிமீற்றர், 1300இல் 69. கொள்ளளவு 1192 கன சென்ரிமீற்றரிலிருந்து 1285 ஆக உயர்வது இந்த ஐந்து மில்லிமீற்றரால்தான். விட்டத்தை மாத்திரம் பார்த்துப் பொருத்தினால் பிஸ்டன் தலை நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது; அமுக்க விகிதம் தடம் மாறும். மோட்டார் ஓடவும் கூடும். எப்படி ஓடும், எத்தனை நாள் ஓடும் என்பதுதான் கேள்வி.

வாசகர்களில் பலர் என்னைப்போல் கலைப்பிரிவில் படித்தவர்களாக இருப்பீர்கள். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாடநூல்கள் பிஸ்டனை முசலம் என்று எழுதும். முசலம் என்றால் உலக்கை. உரலும் உலக்கையும் என்று நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிதான் சிக்கல். உரலுக்குள் உலக்கை எப்படியும் ஆடலாம். சிலிண்டருக்குள் பிஸ்டன் அப்படி ஆட முடியாது. பீற்றில் எஞ்சினில் இரண்டுக்கும் நடுவே புதிதாக இருக்கவேண்டிய இடைவெளி 0.04 முதல் 0.06 மில்லிமீற்றர் வரை. சாதாரணத் தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. தேய்ந்து தேய்ந்து அது 0.20 ஆகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான் என்பது தொழிற்சாலையின் விதி.

ஏன் இத்தனை நுணுக்கம்? பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிஸ்டன் சாய்ந்து ஆடிச் சத்தமிடும். எண்ணெய் மேலேறி எரியும். நெருப்புக் காற்று கீழிறங்கி எண்ணெயைக் கெடுக்கும். தண்ணீரால் குளிரும் எஞ்சினில், சிலிண்டரைச் சூழ்ந்து நிற்கும் நீர் வெப்பத்தை ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்கும். காற்றால் குளிரும் எஞ்சினில் அந்தக் காவல் இல்லை. செதிள்களுக்கிடையே ஓடும் காற்றும் உள்ளே ஓடும் எண்ணெயும்தான் கதி. வெப்பம் ஏறி இறங்கும் வீச்சு அதிகம். அளவில் விடும் பிழைக்கு மன்னிப்பு அங்கே குறைவு.

இன்னொன்றும் உண்டு. மொறிஸ் மைனரில் நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்புக் கட்டையில் குடைந்தவை. பீற்றிலில் நான்கும் தனித்தனி. பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடப்பவை. ஒவ்வொரு பக்கத்து இரண்டுக்கும் ஒரே தலைமூடி. நீண்ட போல்ற்றுகள் தலையையும் சிலிண்டர்களையும் சேர்த்து எஞ்சின் உடலோடு இறுக்கிப் பிடிக்கின்றன. ஒரே தலைக்குக் கீழ் நிற்கும் இரண்டு சிலிண்டர்களில் ஒன்று மயிரிழை உயரம் கூடியது என்றால் மற்றதன் வாய் சரியாக மூடாது. அந்த இடுக்கால் நெருப்பு கசியும். காலப்போக்கில் தலையையே அரித்துவிடும். தனித்தனியே கழற்றலாம் என்பதால் தனித்தனியே மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தனித்தனியாக இருப்பதால்தான் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் கூடுகிறது.

இதைத் தொழிற்சாலையே நன்கு அறிந்திருந்தது. ஒரே அச்சில் வார்த்த பிஸ்டன்கள்கூட நுண்ணளவில் வேறுபடும் என்பதால், நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறப்பொட்டு இட்டு அளவுவாரியாகப் பிரித்தார்கள். எடை கூடியது, குறைந்தது என்பதற்கும் குறி உண்டு. பழுதுபார்க்கும்போது ஒரே எஞ்சினுக்குள் போகும் பிஸ்டன்களுக்கிடையே 10 கிராமுக்கு மேல் எடை வித்தியாசம் இருக்கலாகாது. பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும்; அது பறப்புச் சில்லுப் பக்கம் பார்க்க வேண்டும். ஏனென்றால் பிஸ்டனின் ஊசி நட்டநடுவில் இல்லை. வேண்டுமென்றே சற்று விலக்கி வைக்கப்பட்டது. திருப்பிப் போட்டாலும் எஞ்சின் ஓடும், தட்டிக்கொண்டே ஓடும்.

சரி, எங்கள் மண்ணெண்ணெய்க் காலத்துக்கு வருவோம். அக்காலத்தில் இவையெல்லாம் யாருக்குத் தெரிந்தன, யார் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். பார்த்தவர்களை நான் அறிவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். மின்சாரம் அறுந்துபோன காலம். லேத்தைச் சிறிய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்றுக்குப் பட்டி மாட்டி ஓட்டினார். அவரிடம் ஒரு மைக்றோமீற்றர் இருந்தது. அதை எண்ணெய்ச் சீலையில் சுற்றி, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். காலையில், வெயில் ஏற முன்னர்தான் அளப்பார். சூட்டில் அளந்தால் இரும்பு பொய் சொல்லும் என்பார். சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து ஒரு விரலளவு கீழே, குறுக்காகவும் நெடுக்காகவும் இரு தரம் அளப்பார். பிஸ்டன்களை நிறுக்க அவரிடம் தராசு இல்லை. நெல்லியடியில் பொற்கொல்லரிடம் கொண்டுபோய்ப் பவுண் தராசில் நிறுத்துக்கொண்டு வருவார். எடை கூடிய பிஸ்டனின் உட்புறத்தில் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பார். மீண்டும் நெல்லியடிக்குச் சைக்கிள் மிதிப்பார்.

ஒருமுறை நான் அவசரப்படுத்தினேன். செய்தி ஒன்றுக்காக அந்தக் காரில்தான் போக வேண்டியிருந்தது. “அண்ணை, கண்ணுக்குச் சரியாத்தானே தெரியுது?” என்றேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “தம்பி, கண்ணுக்குத் தெரியிற இடைவெளி எண்டால் அது இடைவெளி இல்லை, கிடங்கு” என்றார்.

தடைக்காலத்தில் எமது கார்களை ஓட வைத்தது இவரைப் போன்றவர்களின் அளவு. உரிய பிஸ்டன் கிடைக்காதபோது வேறு எஞ்சின் பிஸ்டனைக் கடைந்து போட்டார்கள், மெய்தான். ஆனால் கடைவதற்கு முன் அளந்தார்கள். ஊசியின் தடிப்பு, தலையின் உயரம், வளையங்களின் அகலம், எடை, எல்லாவற்றையும் கணக்கிட்டு, முடியாது என்று கண்டால் முடியாது என்று சொன்னார்கள். அந்த ‘முடியாது’ இன்றைய கதைகளில் வருவதில்லை. ஓடிய கார்களைப் பற்றி மாத்திரம் பேசுகிறோம். கண்மூடித்தனமாகப் பொருத்திப் பாதிவழியில் இறுகி நின்ற எஞ்சின்களை, வேலிக்கரையில் துருப்பிடித்துக் கிடந்தவற்றை, யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

மண்ணெண்ணெய் தானும் இலவசமாக உதவவில்லை. அது பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, வளையங்களைக் கடந்து கீழே எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்துப் போகும். நீர்த்த எண்ணெயில் ஓடும் பிஸ்டன் சுவரைத் தேய்க்கும். தேய்ந்த சுவரால் இன்னும் அதிக மண்ணெண்ணெய் கீழிறங்கும். போதாக்குறைக்கு, அமுக்கத்தைத் தாங்கும் திறன் அதற்குக் குறைவு. வெடிக்க வேண்டிய வேளைக்கு முந்தியே வெடித்துப் பிஸ்டன் தலையில் சம்மட்டிபோல் அடிக்கும். எண்ணெயையும் குளிர்ச்சிக்கு நம்பியிருக்கும் எஞ்சினுக்கு இந்தத் துன்பம் இரட்டிப்பு. எரிபொருள் எவ்வளவுக்கு மோசமோ, பொருத்தம் அவ்வளவுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதை அந்த மூத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். பீற்றிலின் உற்பத்தி ஜேர்மனியில் 1978இலும், கடைசியாக மெக்சிக்கோவில் 2003 ஜூலையிலும் முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் என்பதால் பிஸ்டனும் சிலிண்டரும் பிறேசிலிலும் சீனாவிலும் செய்யப்பட்டுப் பெட்டி பெட்டியாகச் சந்தைக்கு வந்திருக்கின்றன. நான்கு சிலிண்டர், நான்கு பிஸ்டன், வளையங்கள், ஊசிகள் எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டி வந்ததும் ‘தொகுதியாகத்தானே வருகிறது, அளப்பானேன்?’ என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. அன்று பொருள் இல்லை, அளவு இருந்தது. இன்று பொருள் இருக்கிறது, அளவு போய்விட்டது.

இதன் விளைவுகளை வரிசையாகவே சொல்லலாம். பெட்டியில் வந்த வளையங்களின் வாய் இடைவெளியைப் பார்ப்பதில்லை; அது போதாவிட்டால் சூட்டில் வளைய முனைகள் முட்டி உடையும். பிஸ்டன்களை நிறுப்பதில்லை. பழைய சிலிண்டருக்குப் புதிய வளையம் மாத்திரம் போட்டுக் காசை மிச்சம்பிடிக்கிறார்கள். மேல் விளிம்பில் தேயாமல் நிற்கும் திட்டில் புதிய வளையம் மோதும் என்பதையோ, கண்ணாடிபோல் வழுவழுத்த சுவரில் புதிய வளையம் பிடிக்காது என்பதையோ நினைப்பதில்லை. வேறு சிலருக்கு ‘பவர்’ ஆசை. 85.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய 1600 எஞ்சினுக்கு, உடலைக் கடையாமலே சொருகக்கூடிய 87 மில்லிமீற்றர்த் தொகுதியை வாங்குகிறார்கள். வெளிவிட்டம் கூடாமல் உள்விட்டம் கூடினால் சுவர் மெலியும். மெலிந்த சுவர் சூட்டில் வட்டம் கெடும். குளிர்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு அது போதலாம். வைகாசி வெயிலில் முகமாலை தாண்டி ஓட வேண்டிய காருக்கு?

எனக்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். உலகம் மின்சாரக் காருக்குப் போகிறது, நீர் பழைய இரும்பைப் பற்றிப் பத்தி எழுதுகிறீர் என்பார்கள். நியாயம்போல் தோன்றும். ஆனால் காற்றால் குளிரும் எஞ்சின் என்பது பணக்காரர் பொழுதுபோக்கு மாத்திரம் அல்லவே. இலங்கை வீதிகளில் ஓடும் ஓட்டோக்களில் பெருந்தொகையானவை காற்றால் குளிர்பவை. மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அப்படித்தான். வடமராட்சியில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்த சிறிய மண்ணெண்ணெய் மிஷின்களுக்கும் செதிள் வைத்த சிலிண்டர்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது, இடைவெளி பெருத்த மிஷினை வைத்திருந்த தோட்டக்காரன் எரித்த ஒவ்வொரு வீண் துளியும் அவனுடைய வெங்காயத்தின் விலை. ஓட்டோ ஓட்டிக் குடும்பம் காப்பவனுக்கு எஞ்சின் ஆறு மாதத்தில் மறுபடி திறக்கப்பட்டால் அது பிள்ளையின் ரியூசன் காசு. கலையாத முகத்தோடு “போர் கொஞ்சம் லூஸ், ஓட ஓடச் சரிவரும்” என்று சொல்லும் கராஜ்காரருக்கு அது ஒரு சாதாரண வசனம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. கருவிகள் விலை, அளந்து கொண்டிருந்தால் கூலி கட்டாது, வாடிக்கையாளர் பக்கத்துக் கராஜுக்குப் போய்விடுவார் என்று தொழில் செய்யும் இளைஞர்கள் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. இந்தக் குறையை அவர்கள் தலையில் மாத்திரம் கட்ட முடியாது. அளப்பதற்குக் கூலி கொடுக்க நாம் பழகவில்லை. பிஸ்டனுக்கு எவ்வளவு, வளையத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக் கொடுப்போம். அளந்துவிட்டு “இது சரிவராது, திருப்பிக் கொடுங்கள்” என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தைக்கு ஐந்து சதமும் கொடுக்க மாட்டோம். எஞ்சினைக் காப்பாற்றுவது அந்த வார்த்தைதான்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, புலம்பெயர்ந்த உறவுகளுக்கு. ஊரில் நிற்கும் அப்பாவின் காருக்கு, மாமாவின் காருக்குப் பொருள் அனுப்ப விரும்பினால் நல்லது. அதற்குமுன் எஞ்சினைத் திறந்து அளந்த கணக்கை எழுத்தில் கேளுங்கள். பதிவுப் புத்தகத்தை நம்ப வேண்டாம். டைனமோ நிற்கும் தாங்கிக்குக் கீழே எஞ்சின் உடலில் இலக்கம் பொறித்திருக்கும். டீ என்று தொடங்கினால் 1200, எஃப் என்றால் 1300, எச் என்றால் 1500. எங்கள் ஊர்க் கார்களுக்கு அதுவும் போதாது. உடல் ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று என்பதற்குத் தடைக்காலம் போதிய காரணம் தந்திருக்கிறது. பிஸ்டன் பெட்டியோடு கூட, சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி ஒன்றையும் மைக்றோமீற்றர் ஒன்றையும் அந்தக் கராஜுக்கு வாங்கிக் கொடுங்கள். பெட்டி ஒரு காருக்கு உதவும். கருவி அந்த ஊரின் ஓட்டோக்கள் எல்லாவற்றுக்கும் உதவும்.

இரண்டாவது, தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் நவீன எஞ்சின்களைப் படிக்கும் பிள்ளைகள், ஒரு பருவமாவது பழைய காற்றுக் குளிர் எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பூட்ட வேண்டும். கணினி பிழையைக் காட்டித் தராத எஞ்சினில்தான் கை அளக்கப் பழகும். நான்கு சிலிண்டரும் தனித்தனியாக மேசைமேல் நிற்கும் பீற்றிலைவிட அதற்கு வசதியான பாடநூல் இல்லை.

மூன்றாவது, எழுதுவோருக்கு. தடைக்காலக் கதைகளைத் தொகுப்பவர்கள் இப்போது பலர். நல்ல பணி. அந்த மெக்கானிக்குமாரில் உயிரோடிருப்பவர்கள் எழுபது, எண்பது வயதினர். அவர்களிடம் போகும்போது “எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று மாத்திரம் கேட்காதீர்கள். எதை அளந்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், எதை முடியாது என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். கொப்பியில் குறித்து வைத்திருந்த கணக்கு ஏதும் கிடைத்தால் படமெடுத்து வையுங்கள். வீரக்கதையில் அவர்கள் மந்திரவாதிகளாக வருகிறார்கள். அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர்கள் கணக்குப் பார்த்த தொழிலாளர்கள்.

உடுப்பிட்டிப் பீற்றிலின் 1300 பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. உரிமையாளர் பொறுமைசாலி, எஞ்சினை அளந்து கணக்கு அனுப்பும்படி இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார். அளக்கப் போகிறவர் இருபத்தாறு வயது இளைஞர். அவரிடம் உள்விட்டம் அளக்கும் கருவி இல்லை. அதை இரவல் தரக்கூடியவர்கள் வடமராட்சியில் யாராவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.